பரோட்டா மாஸ்டருக்குக் கோபம் வரவில்லை: கார்ட்டூன் கேரக்டரில் பிழை பார்க்கும் முறை

கார்ட்டூனில் கோளாறு கண்ணில் படுகிற இடம் ஒன்று, அது பிறந்த இடம் வேறொன்று. புருவம் சரியில்லை என்று ஏழு முறை அழித்து வரைவோம். தப்பு மண்டையில் இருக்கும். கை ஒட்டவே மாட்டேன் என்கிறது என்று கையோடு மல்லுக்கட்டுவோம். தோள் எங்கே என்று முதலிலேயே முடிவு செய்யாமல் விட்டிருப்போம். அதனால் கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறிக்கும் ஒரே வைத்தியமுறைதான்: கோட்டைத் தொடாதீர்கள், ஒரு படி கீழே இறங்கித் தேடுங்கள். போஸ், அதன்மேல் உருண்டைகள், அதன்மேல் கண் மூக்கு வாய், கடைசியில் கோடு. மேல் படியில் தெரிகிற நோய்க்கு மருந்து அநேகமாகக் கீழ்ப் படியில் கிடைக்கும்.

எல்லாவற்றுக்கும் ஒரே ஆளை உதாரணமாக வைத்துக்கொள்வோம். செங்கோட்டை பக்கம் பிரானூர் பார்டரில் கல்லுக்கு முன்னால் நிற்கும் ஒரு பரோட்டா மாஸ்டர். (செங்கோட்டை 1956 வரை முதலில் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. எல்லை மலைப்பக்கம் நகர்ந்துபோயும் அந்த இடத்துக்கு 'பார்டர்' என்ற பெயர் போகவில்லை.) முட்டைத் தலை, பேரிக்காய் வயிறு, குட்டைக் கால், பனியன், மடித்துக் கட்டிய கட்டம் போட்ட கைலி, தலையில் துண்டு, மீசை. மொத்த உயரம் நான்கு தலை. ஏ4 தாளில் தலை 4 செ.மீ. என்றால் ஆள் 16 செ.மீ. இதைவிடச் சின்னதாக வரைந்தால் பிழை தெரியாது. தெரியாத பிழையைத் திருத்தவும் முடியாது.

கையில் இருக்க வேண்டியவை: எச்பி பென்சில், 2பி பென்சில், இளநீலக் கலர் பென்சில், 75 ஜி.எஸ்.எம் தாள் ஒரு கட்டு, கொஞ்சம் டிரேசிங் தாள், உள்ளங்கை அளவுக் கண்ணாடி. நீலப் பென்சிலை அழுத்தாதீர்கள். அதில் இருக்கும் மெழுகு பிறகு மையை ஒட்டவிடாது. மொபைலில் வரைபவர்கள் ரஃப் லேயரை 25 சதவீதத்துக்கு மங்கலாக்கி, அதன்மேல் புதிய லேயரில் வரையுங்கள்.

எங்கே கோளாறு என்றே தெரியவில்லை

முதலில் இந்தச் சோதனை. முடித்த படத்தின்மேல் டிரேசிங் தாளை வையுங்கள். இரண்டு நிமிடத்துக்குள் நீலப் பென்சிலால் ஆறு விஷயங்களைக் கண்டுபிடியுங்கள்: மண்டை உருண்டை, முகத்தின் நடுக்கோடு, கண் கோடு, நெஞ்சுக்கூடு, இடுப்பு, இரண்டு பாதமும் தரையைத் தொடும் இடம். சொந்தப் படத்திலேயே இவற்றில் எதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லையோ, நோய் அங்கேதான். மண்டை உருண்டை தலைத்துண்டுக்கு வெளியே பிதுங்கி நிற்கலாம். நெஞ்சுக்கூடு வலப்பக்கமும் பனியன் இடப்பக்கமும் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இன்னொன்று: படத்தைப் பின்பக்கமாகத் திருப்பி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். மொபைலில் கிடைமட்டமாகக் கவிழ்க்கும் பொத்தான் இருக்கும். கண் பழகிப்போய் மறைத்துவைத்த சாய்வெல்லாம் அப்போது வெட்டவெளிச்சமாகும். வலக்கைக்காரர்களுக்கு முகம் ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டே போவது சகஜம்.

முகம் பப்படம் மாதிரி தட்டையாக இருக்கிறது

வட்டம் போட்டீர்கள், உருண்டை போடவில்லை. வட்டத்துக்குள் கண் கோட்டையும் நடுக்கோட்டையும் ஸ்கேல் வைத்த மாதிரி நேராக இழுத்திருப்பீர்கள். நேர்முகத்துக்கு அது ஓரளவு தப்பித்துவிடும். தலை கொஞ்சம் திரும்பினாலே முகம் உருண்டையிலிருந்து உரிந்து வந்துவிடும்.

அவித்த முட்டை ஒன்றை எடுங்கள். உச்சியிலிருந்து அடிவரை ஒரு கோடு, பாதி உயரத்தில் முட்டையைச் சுற்றிவர ஒரு கோடு, ஸ்கெட்ச் பேனாவால் போடுங்கள். இரண்டும் வெட்டும் இடத்துக்கு இருபுறமும் கண்ணுக்குப் புள்ளி வையுங்கள். இப்போது முட்டையை உங்கள் பக்கம் கவிழ்த்துப் பாருங்கள். குனிந்த தலையில் கண் கோடு கீழ்நோக்கித் தொங்கும் தொட்டில்போல வளையும். காதுகள் கண்ணைவிட உயரத்துக்குப் போகும். நிமிர்த்தினால் கோடு வில்போல மேலே வளையும், காது கீழே இறங்கும். குனிந்த மாஸ்டரை வரைந்துவிட்டுக் காதைக் கண் மட்டத்திலேயே வைப்பதுதான் பத்துக்கு எட்டுப் படத்தில் நடக்கிறது. ஆள் குனியவில்லை, முகம் மட்டும் வழுக்கி இறங்கிவிட்டது என்று தோன்றுவது அதனால்தான்.

பக்கவாட்டுத் திருப்பத்துக்குக் கணக்கே இருக்கிறது. உருண்டையின் மையத்திலிருந்து விளிம்புவரை 10 பங்கு என்று வையுங்கள். தலை 30 டிகிரி திரும்பினால் நடுக்கோடு 5இல் வரும். 45 டிகிரி என்றால் 7இல். அதே நேரம் நம் பக்கத்துக் காது எதிர்விளிம்பிலிருந்து உள்ளே வர வேண்டும்: 30 டிகிரிக்குக் கிட்டத்தட்ட 9, 45 டிகிரிக்கு 7. மூக்கைத் திருப்பிவிட்டுக் காதை விளிம்பிலேயே விட்டால், கண் மூக்கு மட்டும் மண்டையின்மேல் நகர்ந்த மாதிரி இருக்கும். கண்களும் இதே கணக்குதான். நடுக்கோட்டுக்கு இருபுறமும் 25 டிகிரி தள்ளிக் கண்கள் இருந்தால், 30 டிகிரி திருப்பத்தில் தூரக் கண்ணின் அகலம் பக்கத்துக் கண்ணில் பாதிக்குச் சற்று மேல். 45 டிகிரியில் மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல்.

அப்படியே ஒடுக்கிவிட வேண்டுமா? வேண்டாம். தூரக் கண் அவ்வளவு ஒடுங்கினால் முகபாவம் தெரியாது. முக்கால் பங்கு அகலம்வரை தாராளமாக விடலாம். ஆனால் எவ்வளவு ஏமாற்றுகிறோம் என்று தெரிந்து ஏமாற்ற வேண்டும்.

உருண்டையைச் சுற்றி ஓடும் எந்தக் கோடும் இலவச உதவி. தலைத்துண்டின் ஓரம், பனியனின் கழுத்து, கைலியின் கட்டங்கள் எல்லாம் அப்படித்தான். கைலிக் கட்டத்தைக் கிராஃப் தாள் மாதிரி நேராகப் போட்டால் வயிறு அந்த நிமிடமே பலகையாகிவிடும். வயிற்றின்மேல் வளைத்துப் போடுங்கள். நிழலே தீட்டாமல் தொந்தி முன்னால் வரும்.

கண் பொட்டு ஒட்டின மாதிரி இருக்கிறது, பார்வை எங்கேயோ போகிறது

கண் ஒரு பந்து. இமை அதன்மேல் போர்த்திய தோல், அதற்குத் தடிமன் உண்டு. முதலில் பந்தை வைத்து, பிறகு இமையை அதன்மேல் வளைத்துப் போட்டால் பொட்டுத்தன்மை போய்விடும்.

பார்வைக்கு: அவர் எதைப் பார்க்கிறார் என்று தாளில் ஒரு புள்ளி வையுங்கள். ஒவ்வொரு கண் பந்தின் நடுவிலிருந்தும் அந்தப் புள்ளிக்கு லேசாகக் கோடு இழுத்து, கருமணியை அந்தக் கோட்டின்மேல் வையுங்கள். கண்ணளவை நம்பி வைத்தால் மாறுகண் வரும்.

மேலிமை கருவிழியின் தலையைக் கொஞ்சம் மூடியிருந்தால் சாதாரண நிலை. கருவிழிக்கு மேலே வெள்ளை தெரிந்தால் அதிர்ச்சி. கீழே வெள்ளை தெரிந்தால் களைப்பு, நோய், அல்லது வில்லத்தனம். இதைத் தெரியாமல் அரை மில்லிமீட்டர் தள்ளிவிட்டு, "சந்தோஷமாத்தானே வரைஞ்சேன், ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கான்?" என்று குழம்புகிறவர்கள் அதிகம்.

கோபம் வரைந்தால் தூக்கக்கலக்கம் மாதிரி வருகிறது

இதுதான் பெரிய வியாதி, கொஞ்சம் நின்று பார்க்கலாம். நேர்முகம், நேரான தலை, அமைதியான கன்னம், சும்மா இருக்கும் தாடை. அதன்மேல் புருவத்தை மட்டும் 'வி' மாதிரி சாய்த்திருப்பீர்கள். முகத்தில் எதுவும் தனியாக அசையாது. புருவம் இறங்கினால் அதன் கீழே இருக்கும் சதை எங்கே போகும்? கண்ணின்மேல் வந்து உட்காரும். கன்னம் ஏறினால் கீழிமையைத் தள்ளும். வாய் அகன்றால் கன்னம் பக்கவாட்டில் திரளும். இந்தத் தள்ளுமுள்ளு இல்லாத முகம் முகமூடிதான்.

பரோட்டா உருண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லில் வைத்து அழுத்தினால் உயரம் குறைகிறது, அகலம் கூடுகிறது. இழுத்தால் நீள்கிறது, ஒல்லியாகிறது. மாவு மட்டும் அதேதான். தலையும் அப்படி. அதிர்ச்சியில் 4 செ.மீ. தலை 5 செ.மீ. ஆக நீண்டால், அகலம் 4இலிருந்து 3.2க்கு வர வேண்டும். நீட்டிவிட்டு அகலத்தை அப்படியே விட்டால் ஆள் அதிர்ச்சி அடையவில்லை, தலை வீங்கிவிட்டது என்றுதான் படிக்கும். மனுஷ கேரக்டருக்கு இன்னொரு கட்டுப்பாடு: புருவத்துக்கு மேலே மண்டை எலும்பு, அதைப் பெரிதாக அசைக்காதீர்கள். நசுங்குவதும் இழுபடுவதும் கன்னமும் தாடையுமாக இருக்கட்டும். மண்டையும் சேர்ந்து ஜவ்வுமிட்டாய் ஆனால், அடுத்த படத்தில் அவரை அடையாளம் தெரியாது.

மாஸ்டருக்குக் கோபம் வரவைப்போம். ஆரியங்காவு மலை ஏறப்போகிற லாரி டிரைவர் ஒருவர், இலைக்கு முன்னால் உட்கார்ந்து ஆறாவது தடவையாகக் கேட்கிறார்: "மாஸ்டர், ரெண்டு பரோட்டாவுக்கு எம்புட்டு நேரம்?"

1. முதலில் முகத்தைத் தொடாதீர்கள். 3 செ.மீ. உயரத்தில் ஐந்து குட்டிப் போஸ்கள், ஒவ்வொன்றும் அரை நிமிடம். கழுத்து தோளுக்குள் போகிறதா, நெஞ்சு புடைக்கிறதா, கரண்டி பிடித்த கை எங்கே? கண் மூக்கு இல்லாமலே கோபமாகத் தெரிகிற ஒன்றை எடுங்கள்.

2. தலையை முன்னால் தள்ளிக் கொஞ்சம் குனிய வையுங்கள். கண் கோடு தொட்டிலாக வளையட்டும். நேராக நிமிர்ந்த தலையில் கோபம் பாதி பலம்தான்.

3. புருவத்தைக் கோடாக இல்லாமல் ஒரு தடித்த சதை மடிப்பாக இறக்குங்கள். உள்முனை கீழே, கண்ணின் மேல் மூன்றில் ஒரு பங்கு மறையட்டும். இரண்டு புருவத்துக்கும் நடுவே இரண்டு சின்னச் செங்குத்துச் சுருக்கம் போதும்.

4. கீழிமையை நேர்க்கோடாக ஏற்றுங்கள். கோபத்தைக் கூர்மையாக்குவது இதுதான். இதை விட்டுவிடுவதால்தான் தூக்கக்கலக்கம் வருகிறது. மேலிமை மட்டும் இறங்கினால் தூக்கம். மேலிருந்து புருவமும் கீழிருந்து இமையும் நெருக்கினால் கோபம்.

5. மூக்குத் துவாரம் விரியட்டும், மீசையின் நடுப்பகுதி மூக்கோடு மேலே போகட்டும். மீசையை வாய்க்கு மேலே ஒட்டிய சீப்பாக நினைக்காதீர்கள். அது மேலுதட்டுச் சதையில் முளைத்தது, உதடு போகும் இடமெல்லாம் போகும்.

6. ஒரு பக்கம் மற்றதைவிடக் கூடுதலாக இருக்கட்டும். ஒரு புருவம் 2 மி.மீ. இறங்கினால்கூடப் போதும். இரு பக்கமும் ஒரே அச்சு என்றால் முகம் கோலம் மாதிரி ஆகிவிடும்.

இப்போது இதைவிடச் சுவையான படம். கடைக்காரர் பக்கத்தில் நிற்கிறார், மாஸ்டர் கத்த முடியாது. "அண்ணாச்சி, கல்லுலதான் கெடக்கு, இந்தா வந்துட்டு." வாய் மரியாதை பேசுகிறது, உள்ளே கொதிக்கிறது. இதற்குக் கோபத்தையும் சிரிப்பையும் பாதிப்பாதி கலக்கினால் ஒன்றும் தேறாது. பிரித்துக் கொடுங்கள்: புருவமும் கீழிமையும் கோபத்துக்கு, உதடு சிரிப்புக்கு, கன்னம் யாருக்கும் இல்லை. 1862இல் பிரெஞ்சு மருத்துவர் துஷேன் முகத்தசைகளை மின்சாரத்தால் தூண்டிப் பார்த்து எழுதியது இங்கே கைகொடுக்கும்: மனதார வரும் சிரிப்பில் வாய்க்கோடியோடு கண்ணைச் சுற்றிய தசையும் சுருங்கும். அதனால் உண்மைச் சிரிப்பு வரைய வேண்டுமென்றால் கன்னத்தை ஏற்றிக் கீழிமையைக் கன்னத்தால் தள்ளுங்கள். பொய்ச்சிரிப்பு வேண்டுமென்றால் வாயை மட்டும் இழுத்துவிட்டுக் கன்னத்தைத் தொடாதீர்கள். 'சிரிக்க வைத்தேன், ஆனால் அரசியல்வாதி மாதிரி இருக்கிறான்' என்ற புகாருக்கும் இதுவே பதில்.

கண்ணாடியை எதிரே வைத்து நீங்களே நடித்துப் பாருங்கள். போட்டோவைவிட இது நல்லது, ஏனென்றால் எந்தச் சதை எதைத் தள்ளுகிறது என்று உள்ளிருந்தே தெரியும். (வீட்டில் யாரும் இல்லாத நேரம் உத்தமம்.) கொல்லம் பக்கக் கோயில் திருவிழாக்களில் விடியவிடிய நடக்கும் கதகளியைப் பார்க்கக் கிடைத்தால் முன்வரிசையில் உட்காருங்கள். தாடையைச் சுற்றி வைக்கும் 'சுட்டி' என்ற வெள்ளை ஓரக்கட்டு முகத்துக்குச் சட்டம் மாதிரி எல்லை கட்டுகிறது. அந்த எல்லைக்குள் கீழிமை ஒரு நூல் ஏறினால்கூடக் கண்ணுக்குத் தப்பாது. தாடைக்கோட்டைத் தெளிவாகப் போட்டுவிட்டு உள்ளே நடிக்கவைப்பதுதான் கார்ட்டூனிலும் வேலை.

வாய் திறந்தால் முகத்தில் ஓட்டை போட்ட மாதிரி இருக்கிறது

மேல்பல் மண்டையோடு ஒட்டியது, நகராது. அசைவது கீழ்த்தாடை மட்டும், காதுக்கு முன்னால் இருக்கும் கீலில். வாய் 1.5 செ.மீ. திறந்தால் நாடியும் ஏறத்தாழ அவ்வளவு இறங்க வேண்டும், முகம் நீள வேண்டும், கன்னம் உள்வாங்க வேண்டும். நாடியை இருந்த இடத்திலேயே விட்டு நடுவில் கறுப்பு அடித்தால் ஓட்டைதான். பற்களை ஒவ்வொன்றாகக் கோடு போட்டுப் பிரிக்காதீர்கள், எலும்புக்கூடு மாதிரி ஆகும். ஒரே வெள்ளைப் பட்டையாக விடுங்கள். ஒரு பல் விழுந்திருந்தால் அந்த இடைவெளியை மட்டும் காட்டுங்கள்.

ஆள் செக்போஸ்ட் கம்பம் மாதிரி விறைத்து நிற்கிறார்

முகம் நன்றாக வந்து உடம்பு கெடுத்த படங்கள் ஏராளம். தலையிலிருந்து தொடங்கி, கழுத்து, சட்டை, கால் என்று மேலிருந்து கீழே கட்டிக்கொண்டு போனால் இப்படித்தான் வரும். முதல் கோடு குதிகாலிலிருந்து உச்சிவரை ஓடும் ஒரே வளைவாக இருக்க வேண்டும், அதாவது லைன் ஆஃப் ஆக்‌ஷன். கல்லின்மேல் குனிந்து மாவை விசிறும் மாஸ்டருக்கு அது ஒரு பெரிய 'சி'. பின்னால் சாய்ந்து தொந்தியைத் தள்ளி வியர்வை துடைக்கும்போது அதே 'சி' மறுபக்கம் கவிழும். முதலில் வளைவு, பிறகு அதன்மேல் நெஞ்சுக்கூடு, இடுப்பு என இரண்டு உருண்டை, கடைசியாகத் தலை.

அந்த இரண்டு உருண்டைகளும் ஒரே கோணத்தில் இருந்தால் வளைவு இருந்தும் பயனில்லை. எடை ஒரு காலில் விழும்போது அந்தப் பக்கத்து இடுப்பு ஏறும், தோள் இறங்கும். அந்தப் பக்கம் பனியனில் மடிப்பு விழும், மறுபக்கம் துணி இழுபடும். நசுங்கும் பக்கத்துக்குச் சின்னச் சின்னச் சுருக்கக் கோடு, இழுபடும் பக்கத்துக்கு ஒரே நீளக் கோடு. வேறு எந்த நிழலும் வேண்டாம்.

டிஸ்னி அனிமேட்டர்கள் மத்தியில் பழகிய பயிற்சி ஒன்று உண்டு: பாதி நிரம்பிய மாவு மூட்டையை ஆளாக நினைத்து நடிக்கவைப்பது. நமக்கு அரை மூட்டை மைதா. நான்கு மூலைதான் கை கால், முகமே கிடையாது. மூட்டை சோகமாக உட்காரட்டும், குதிக்கட்டும், எட்டிப் பார்க்கட்டும். எல்லாவற்றிலும் மாவு அளவு ஒன்றே, அது கீழ்ப்பக்கம்தான் திரளும். ஒரு பக்கத்தில் பன்னிரண்டு மூட்டை வரைந்துவிட்டு, நல்லதாக வந்த ஒன்றின்மேல் மாஸ்டரைப் போர்த்துங்கள். விறைப்புக்கு இதைவிட வேகமான மருந்து தெரியவில்லை.

விழுந்துவிடுவார்போல இருக்கிறதா? கழுத்துக்குழியிலிருந்து நேராகக் கீழே ஒரு கோடு விடுங்கள். நிற்பவருக்கு அது இரு பாதங்களுக்கு நடுவே அல்லது எடை தாங்கும் பாதத்தின்மேல் விழ வேண்டும். மாவு வாளியைத் தூக்கினால் உடம்பு எதிர்ப்பக்கம் சாயும். இரு கையும் கண்ணாடிப் பிம்பம்போல ஒரே மாதிரி இருந்தால் ஒன்றை மாற்றுங்கள், என்ன காரணம் சொன்னாலும் மாற்றுங்கள்.

கை கால் ரப்பர் குழாய் மாதிரி, விரல் வாழைப்பழச் சீப்பு மாதிரி

தொங்கவிட்ட கையில் முழங்கை இடுப்பு மடிப்புக்கு வரும், மணிக்கட்டு தொடை தொடங்கும் இடத்துக்கு. கார்ட்டூனில் கையின் நீளம் உங்கள் இஷ்டம். ஆனால் முழங்கை நடுவில் இருக்கட்டும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு பக்கம் நேர்க்கோடு, எதிர்ப்பக்கம் வளைவு. இரண்டு பக்கமும் வளைத்தால் தொத்திறைச்சி, இரண்டும் நேர் என்றால் குழாய்.

விரலிலிருந்து தொடங்காதீர்கள். உள்ளங்கையைத் தடித்த சோப்புக்கட்டியாகப் போடுங்கள், பக்கத்தில் கட்டைவிரலின் சதைக்கட்டு, மற்ற விரல்களைக் கையுறைபோல ஒரே திரளாக. பிறகுதான் பிரிப்பு. கார்ட்டூனுக்கு மூன்று விரலும் கட்டைவிரலும் போதும். நடு இரண்டை ஒட்டவிட்டு ஓரத்தை மட்டும் பிரித்தால் சீப்புத்தனம் போகும்.

என்ன செய்கிறார் என்றே புரியவில்லை

சுட்ட பரோட்டாக்களை அடுக்கி, இரு கையாலும் பக்கவாட்டில் அடித்து இதழ் பிரிப்பதை நேர் எதிரே நின்று வரைந்திருக்கிறீர்கள். கையும் பரோட்டாவும் தொந்திக்கு முன்னால் விழுகின்றன. முழு ஆளையும் கறுப்பாக நிரப்பிப் பாருங்கள்: ஒரு பானை நிற்கும், அவ்வளவுதான். அவரை முக்கால்வாசி திருப்பி, கைகளைத் தொந்திக்கு வெளியே கொண்டுவந்து, கைக்கும் வயிற்றுக்கும் நடுவே வெள்ளை இடைவெளி விடுங்கள். இப்போது கறுப்பாக்கினாலும் கை, அடுக்கு, அடி மூன்றும் தெரியும்.

பாலக்காட்டுப் பக்கம் பத்ரகாளி கோயில்களின் கூத்துமாடத்தில் கம்பராமாயணப் பாட்டோடு நடக்கும் தோல்பாவைக்கூத்தில், திரைக்குப் பின்னால் விளக்கு வரிசை, முன்னால் நிழல் மட்டும். யார் வில் எடுத்தார் என்று நிழலிலேயே தெரிந்தாக வேண்டும். அதனால் முகமும் உடம்பும் பக்கவாட்டில், கை உடம்பைவிட்டு வெளியே. உங்கள் போஸுக்கும் அதே பரீட்சைதான்.

கோடுகள் ஒன்றோடொன்று முட்டி, எது முன்னால் எது பின்னால் என்று தெரியவில்லை

மாஸ்டருக்குப் பின்னணியாக, ஆரியங்காவு தாண்டிக் கழுதுருட்டியில் இருக்கும் பதிமூணு கண் ரயில் பாலம். அதன் வளைவு ஒன்று அவர் தலையின் விளிம்பை அப்படியே தொட்டுக்கொண்டு போகிறது. தலையில் கைப்பிடி முளைத்த மாதிரி. ஒன்று, தலையை வளைவுக்கு நன்றாக உள்ளே தள்ளுங்கள். அல்லது வெட்டிக்கொண்டு போகவிடுங்கள். தொட்டுக்கொண்டு மட்டும் நிற்கக் கூடாது. முன்னால் இருப்பதன் கோடு தொடர வேண்டும், பின்னால் இருப்பது அதில் வந்து முட்டி நிற்க வேண்டும்.

அடுத்த படத்தில் வேறு ஆளாகிவிடுகிறார்

முகத்தை மனப்பாடம் செய்திருப்பீர்கள், அளவை எழுதிவைத்திருக்க மாட்டீர்கள். ஒரு தாளில் கிடைமட்டமாக ஐந்து கோடு, நான்கு தலை உயரம். முன், முக்கால், பக்கம், பின் என நான்கு நிலை. பக்கத்திலேயே எழுதுங்கள்: கண் இடைவெளி ஒரு கண் அகலம், காது புருவத்திலிருந்து மூக்கடிவரை, தொந்தியின் உச்சி இரண்டரைத் தலையில், கைலி மடிப்பு மூன்றில். டிரைவரை ஐந்து தலை உயரமாக, நீள்சதுர உடம்பாகப் போடுங்கள். இருவரும் பேரிக்காய் என்றால் மீசையை மாற்றினாலும் அண்ணன் தம்பிதான். குழந்தைக்கு இரண்டரைத் தலை, கண் கோடு பாதிக்குக் கீழே.

ரஃப் உயிரோடு இருந்தது, மை போட்டதும் செத்துவிட்டது

ரஃப்பில் பத்துக் கோடு இருந்தது, கண் அவற்றில் நல்லதைத் தேர்ந்துகொண்டது. மை போடும்போது நடுக்கோட்டை எடுத்து, மெதுவாக, மணிக்கட்டால் நகல் எடுத்தீர்கள். எல்லா வளைவும் கொஞ்சம் கொஞ்சம் தட்டையானது. அதனால் ரஃப்பிலேயே போஸை வேண்டியதைவிட ஒரு பங்கு மிகையாக வையுங்கள்; மை அதைக் குறைத்துச் சரியாக்கும். நீளக் கோடுகளைத் தோளிலிருந்து, கையை மட்டும் ஒத்திகையாக இரண்டு தடவை ஓட்டிவிட்டு, ஒரே இழுப்பில் போடுங்கள். தாளைத் திருப்பிக்கொள்ளுங்கள், உடம்பைத் திருப்பாதீர்கள். கோட்டின் தடிமன் ஒரே சீராக இருக்க வேண்டாம். தொந்தியின் அடி, நாடியின் அடி, ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடம் தடிமன். வெளிச்சம் விழும் பக்கம் மெலிசு. முகத்துக்குள் இருக்கும் கோடுகள் வெளிக்கோட்டைவிட மெலிசாக இருந்தால்தான் பாவம் தெளிவாக நிற்கும்.

மை மட்டுமே குற்றவாளியாக இருக்கும் காலமும் உண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட்வரை தென்காசி, குற்றாலம், புளியரை வட்டாரத்தில் சாரல் விழும்போது தாள் காற்றிலிருந்தே ஈரம் குடிக்கும். இழை உப்பி, கோடு வேர்விட்ட மாதிரி கசியும். ரப்பர் போட்டால் தாள் பஞ்சாகப் பெயரும். தாள்களை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவிலோ பிளாஸ்டிக் உறையிலோ வையுங்கள். வேண்டியதை மட்டும் வெளியே எடுங்கள். மைக்கு 100 ஜி.எஸ்.எம்முக்குக் குறையாத தாள். படத்தைத் தொடுமுன் தாளின் ஓரத்தில் ஒரு கோடு இழுத்து, பத்து எண்ணிவிட்டுப் பாருங்கள். கசிந்தால் அன்றைக்கு 2பி பென்சிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மாஸ்டரின் கோபம் வெயில்வரை காத்திருக்கும்.